என் இடத்தைப் பிடித்த நாற்காலி

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் மச்சான் குணா சொல்லிவிடுவான். அவன் சொன்னால் கதை நீளும், நடிப்பும் சேர்ந்துகொள்ளும். கைக்குழந்தைகளுக்குக் கட்டுகிற கரும்புத் தொட்டிலில் ஒன்பது வயது மகளைப் போட்டுக் கோயிலைச் சுற்றியவன் நான். இருபத்து நான்கு கிலோ. அதையும் பக்தியால் செய்யவில்லை. ஒரு சக்கர நாற்காலியின் மேல் எனக்கு வந்த பொறாமையால் செய்தேன்.

பக்கத்து வீட்டுக்காரனின் காரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் எங்கள் தோட்டத்தில் நிறைய உண்டு. இன்னும் வந்து சேராத ஒரு நாற்காலியை நினைத்துச் சோறு இறங்காமல் தவித்தவன் சுங்கை லாலாங் வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை லோரியில் ஏற்றுவது அப்போது என் வேலை. மகள் தனு பிறக்கும்போது மூச்சுத் திணறி, மூளைக்குக் கொஞ்ச நேரம் பிராணவாயு போகவில்லை. பெருமூளை வாதம் என்றார்கள். அதாவது, மூளை கொடுக்கிற உத்தரவு கால்களுக்குப் போய்ச் சேருவதற்குள் சிக்கலாகிவிடும். தொடைத் தசைகள் இறுகிக்கொண்டு முழங்கால்கள் இரண்டும் ஒன்றையொன்று இடிக்கும். கைகள் நன்றாக இருக்கின்றன. புத்தியில் குறையில்லை. வாயில் குறை இல்லவே இல்லை.

அவளுக்குக் கால் நான்தான். பள்ளிக்கு, பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்கு, கல்யாண வீட்டுக்கு என்று எங்கே போனாலும் இடது கையில் தூக்கிக்கொண்டு போவேன். "தகப்பன்னா இப்படி இருக்கணும்லா" என்று யாராவது சொல்வார்கள். காதில் விழாதது போல நடப்பேன். விழவில்லையோ என்று அவர்கள் இன்னொரு தரம் சொல்வார்கள். அதற்காகவே மெதுவாக நடப்பேன்.

டவுனில் சமூக மறுவாழ்வு மையம் ஒன்று இருக்கிறது. தனுவைப் போன்ற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற இடம். அழைத்துப்போகச் சாய்தளம் வைத்த வேன் வரும். மாதம் ஒருமுறை இயன்முறைச் சிகிச்சை செய்கிறவர் வந்து பார்ப்பார். அதற்கெல்லாம் முதல்படி மாற்றுத்திறனாளி அட்டை. என் மனைவி செல்வி மூன்று வருடங்களாக அந்த அட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அட்டை? என் கை இருக்குல்ல" என்பேன்.

கடைசியில் அவளே பஸ் ஏறிப் போய், மருத்துவமனையில் டாக்டரிடம் விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்து வாங்கி, சமூகநல அலுவலகத்தில் கொடுத்து, அட்டையோடு வந்து நின்றாள். பிறகு மையத்தில் தனுவின் இடுப்பு அகலம், தொடை நீளம், முதுகு உயரம் எல்லாவற்றையும் நாடாவால் அளந்தார்கள். நாற்காலி அளவுக்குச் செய்யப்பட வேண்டுமாம். பெரிதாக இருந்தால் பிள்ளை ஒரு பக்கம் சாய்ந்து முதுகுத்தண்டு வளைந்துபோகும் என்று மையத்தின் ஆசிரியை சிகு ரோஸ்னா விளக்கினார். தனு கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நீலக் கலர் கிடைக்குமா சிகு?"

அன்று மாலையே நாள்காட்டியில் நாற்காலி வரும் நாளைச் சுற்றி வட்டம் போட்டாள். என் பிறந்தநாளுக்கு அவள் இதுவரை புள்ளிகூட வைத்ததில்லை.

தனு பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தபோது, பிழைத்தால் கரும்புத் தொட்டில் கட்டுகிறேன் என்று முருகனிடம் வேண்டியிருந்தேன். இரண்டு கரும்புகளைச் சேர்த்து, நடுவில் மஞ்சள் துணியைத் தொட்டிலாகக் கட்டி, பிள்ளையை அதில் போட்டு, முன்னும் பின்னுமாக இருவர் தோளில் சுமந்து கோயிலை மூன்று சுற்று வரவேண்டும். பிழைத்தாள். நடக்கட்டும், அப்புறம் செலுத்துவோம் என்று ஒன்பது பங்குனிகளைத் தள்ளிப்போட்டேன். நாற்காலி வர ஒரு வாரம் இருக்கும்போது அந்த நேர்த்திக்கடன் எனக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. கடன் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். ஊரே பார்க்க அவளைச் சுமந்து காட்டினால், இந்த அப்பன் இருக்க அந்தச் சக்கரம் எதற்கு என்று நாலு பேர் கேட்பார்கள் என்பதுதான் உள்கணக்கு.

"அது பச்சப் புள்ளைக்குக் கட்டுறதுங்க" என்றாள் செல்வி. "இவ கால் ரெண்டும் தரையில இழுபடும்."

"மடக்கிக்குவா."

"மடக்க முடியலன்னுதான ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையுறோம்?"

பின்பக்கத்தைப் பிடிக்க மாட்டேன் என்று அவள் மறுத்துவிட்டாள். குணா பிடித்தான். கரும்பு இந்த எடைக்குத் தாங்காது என்று இரண்டு கரும்புகளுக்கும் நடுவே ஓர் இரும்புக் குழாயை வைத்து மஞ்சள் துணி சுற்றிக் கட்டியதும் அவன்தான். "முருகனுக்குத் தெரியும் மச்சான், பூசாரிக்குத் தெரிய வேணாம்" என்றான்.

பங்குனித் திருவிழாவில் முதல் சுற்று நன்றாகவே போனது. எல்லாரும் பார்த்தார்கள். நான் நினைத்த பேச்சும் காதில் விழுந்தது. இரண்டாவது சுற்றில், கொடிமரத்துக்குப் பக்கத்தில் திரும்பும்போது இடுப்புக்கு மேலே ஏதோ நழுவியது. அங்கிருந்து வலது குதிகால் வரை நெருப்புக் கம்பியை இழுத்ததுபோல ஒரு வலி. தனுவைக் கீழே போடக்கூடாது என்பது மட்டும் நினைவில் இருந்தது. தோளில் கரும்போடு மெல்ல முழங்காலில் இறங்கினேன். தொட்டில் தரையைத் தொட்டதும் நானும் சாய்ந்து, உடம்பு உதற, பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினேன்.

எங்கள் தோட்டத்துக் கோயிலில், திருவிழா அன்று, மேளச் சத்தத்துக்கு நடுவே ஒருவன் முழங்காலில் விழுந்து உதறிக்கொண்டு கத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"சாமி வந்திருச்சு!" என்றார்கள். மேளம் வேகமெடுத்தது. ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். நெற்றி நிறைய விபூதி. நான் வலியில் நெளிய நெளிய, "வேல் வேல்" சத்தம் கூடிக்கொண்டே போனது. பாக்டரியில் வேலை பார்க்கும் ஓர் அக்கா கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"அப்பனே, என்ன வேணும் சொல்லுப்பா?"

"ஆம்புலன்ஸ்!" என்றேன்.

தொட்டிலுக்குள் இருந்து தனுவின் குரல் கேட்டது. "அப்பா, இன்னும் ஒரு ரவுண்டு இருக்கு."

டவுன் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஓர் இளம் பெண் டாக்டர் என்னைப் பார்த்தார். கோயில் தண்ணீர் இன்னும் தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"எதைத் தூக்கினீர்கள்?" என்று மலாயில் கேட்டார்.

"மகளை."

"வயது?"

"ஒன்பது."

எழுதிக்கொண்டார்.

"தொட்டிலில் வைத்து" என்று நானே சேர்த்துச் சொன்னேன். பேனா நின்றது.

என் காலை மடக்காமல் அப்படியே மேலே தூக்கினார். பாதி உயரத்துக்குள் நான் அலறினேன். பாதத்தில் ஊசி முனையால் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்றார். பிறகு, "கட்டைவிரலை மேலே தூக்குங்கள்" என்றார். இடது கட்டைவிரல் எழுந்தது. வலது எழவில்லை. இன்னொரு தரம் முயன்றேன். அது பாட்டுக்கு வேறு யாருடைய விரலோ போலப் படுத்திருந்தது. அதுவரை வலிதான் இருந்தது. பயம் அப்போதுதான் வந்தது.

சிறுநீர் தானாகப் போகிறதா, தொடையிடுக்கில் மரத்திருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அந்த இடத்து நரம்புகள் ஒரு கொத்தாக நசுங்கினால் உடனே அறுவைச் சிகிச்சை செய்தாக வேண்டுமாம். எனக்கு அது இல்லை. மூன்றாம் மாடி வார்டில் படுக்க வைத்தார்கள்.

மறுநாள் ஸ்கேன் எடுக்க என்னைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆம், எனக்கும் அதுதான் கிடைத்தது. முருகன் கணக்கில் கெட்டி. தள்ளிவந்த தம்பி என்னை ஒரு சுவரைப் பார்த்து நிறுத்திவிட்டு எங்கோ போனான். சுவரில் தாய்ப்பாலின் நன்மைகள் பற்றி ஒரு சுவரொட்டி. அரை மணி நேரம் அதைப் படித்தேன். இன்று கேட்டாலும் அந்த நன்மைகள் பத்தையும் வரிசையாகச் சொல்வேன். என் முதுகுக்குப் பின்னால் ஆட்கள் போனார்கள், வந்தார்கள், சிரித்தார்கள். திரும்பிப் பார்க்க முடியவில்லை. பிறகு ஒரு தாதி வந்து, "இவர் சாப்பிட்டுவிட்டாரா?" என்று என் தலைக்கு மேலே அந்தத் தம்பியிடம் கேட்டார்.

"சாப்பிட்டேன்" என்றேன் நான்.

"சாப்பிட்டாராம்" என்றான் அவன்.

ஸ்கேன் என்பது ஒரு குகை. உள்ளே அசையாமல் கிடக்க வேண்டும். சுற்றிலும் கொம்பாங் மேளம் அடிக்கப் புதிதாகப் பழகுகிறவர்களின் சத்தம். பெரிய டாக்டர் படத்தைக் காட்டி விளக்கினார். முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தை மாதிரி தட்டுகள் இருக்கின்றன. ரொட்டிக்கு நடுவில் காயா ஜாம் தடவி அழுத்தினால் ஓரத்தில் பிதுங்குகிறதல்லவா, அப்படி ஒரு தட்டு பிதுங்கிக் காலுக்குப் போகும் நரம்பை அமுக்குகிறது. மருந்தும் பயிற்சியும் கொடுத்துப் பார்ப்போம். ஒரு வாரத்தில் விரல் எழ ஆரம்பிக்காவிட்டால் அறுவைச் சிகிச்சை.

"மகளைத் தூக்கக்கூடாது" என்றார்.

"எத்தனை நாளைக்கு டாக்டர்?"

"அவள் வளர்ந்துகொண்டே போவாள். உங்கள் முதுகு வளராது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அடுத்த கட்டிலில் பாக் மாட் என்ற மலாய்க்காரப் பெரியவர். யான் என்ற ஊரில் நெல் விவசாயம் செய்கிறவர். தொடையெலும்பு உடைந்து, காலை உயரே கட்டி எடை தொங்கவிட்டிருந்தார்கள். செல்வி பார்வை நேரத்தில் தினமும் கஞ்சி கொண்டுவருவாள். கஞ்சிக்கு அடுத்து கைப்பேசியை எடுப்பாள். அங்கேதான் எனக்கு இரண்டாவது வியாதி.

நான் சேர்ந்த மூன்றாம் நாள் நாற்காலி வந்துவிட்டது. வீடியோவில் தனு இரண்டு கைகளாலும் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு மையத்தின் நடைகூடத்தில் போகிறாள். சுவரில் முட்டுகிறாள். பின்னால் எடுக்கிறாள். மறுபடி போகிறாள். சிகு ரோஸ்னா கை தட்டுகிறார்.

"நீலான்னு பேரு வச்சிருக்கா" என்றாள் செல்வி. "நீலா வந்ததுலேர்ந்து வீட்ல ஒரே சந்தோசம்ங்க."

வீட்டில் நான் இல்லாததும் அதே நாட்களில்தான் என்பதை அவள் கவனிக்கவில்லை.

அடுத்த வீடியோ கடையில். தோட்டத்து ஆட்கள் நடத்தும் சின்ன மளிகைக்கடை. தனு ஐஸ்கிரீம் பெட்டிக்கு முன்னால் நாற்காலியை நிறுத்திக் கண்ணாடி வழியாக ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். "டுரியான் ஒண்ணு" என்கிறாள்.

"எப்பவும் ஸ்ட்ராபெரிதான பாப்பா வாங்குவ?" என்கிறார் கடைக்கார அண்ணன்.

"அது அப்பா வாங்குவாரு."

எத்தனை வருடம். நான் அவளைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பேன். பாப்பாவுக்கு என்ன வேணும் என்று அவர் என்னைக் கேட்பார். நான் ஸ்ட்ராபெரி என்பேன். என் தோளுக்கு மேலே இருந்த அவள் முகம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. சுவரைப் பார்த்தபடி படித்த தாய்ப்பாலின் நன்மைகள் பத்தும் அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்தன.

பாக் மாட் எட்டிப் பார்த்து, "கெட்டிக்காரி" என்று பாராட்டினார். எனக்கு அவர் மேலும் பொறாமையாக இருந்தது. அவரால் அந்த வீடியோவைச் சந்தோஷமாகப் பார்க்க முடிகிறதே. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதைக் கவனித்துவிட்டார்.

"நாற்காலி மேலயா பொறாமை?" என்றார் மலாயில். காலில் தொங்கின எடை ஆடும் அளவுக்குச் சிரித்தார். தாதி ஓடிவந்து இரண்டு பேரையும் திட்டினார்.

ஆறாம் நாள் தனுவே வந்தாள். சிறுவர்களை வார்டுக்குள் விடமாட்டார்கள். செல்வி கீழேயிருந்து போன் செய்து ஜன்னல் பக்கம் வரச்சொன்னாள். நடைச்சட்டத்தைப் பிடித்து, வலது பாதத்தை இழுத்து இழுத்து ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தேன். கீழே கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் நீலப் புள்ளி ஒன்று. அதற்குள் என் மகள். குணா பத்தடி தள்ளிக் கைகட்டி நிற்கிறான், தள்ளவில்லை. அவள் தானே ஒரு சாய்தளத்தில் ஏறிக்கொண்டிருந்தாள்.

நான் கை ஆட்டினேன். கண்ணாடியைத் தட்டினேன். அவள் மேலே பார்க்கவே இல்லை.

"அவள மேல பாக்கச் சொல்லு" என்று போனில் செல்வியிடம் சொன்னேன்.

போன் கை மாறியது. "இருங்கப்பா. ஏறிக்கிட்டிருக்கேன். பேசுனா பின்னாடி வந்துரும்."

போனை மடியில் போட்டுவிட்டாள். காத்திருந்தேன். பாதி ஏறுவாள், சக்கரம் பின்னால் வரும், பிடித்து நிறுத்துவாள், மறுபடி தள்ளுவாள். என் இடது கை அதுபாட்டுக்கு அவளைத் தூக்குகிற மாதிரி வளைந்து நின்றது. தூக்க எதுவும் இல்லை. உச்சிக்குப் போனதும் நாற்காலியைத் தானே திருப்பிக்கொண்டு, நிமிர்ந்து, ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தேடி, என்னைக் கண்டுபிடித்தாள். அதற்கு முன் அவளை நான் அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்ததே இல்லை.

"கால் எப்படிப்பா இருக்கு?"

"கட்ட வெரல் பேச்சக் கேக்கலம்மா."

"தூக்குன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். ஆயிரம் தடவ சொல்லிட்டேன்."

"கோவமா சொன்னா கேக்காது. கண்ண மூடிக்கிட்டு, அந்த வெரல மட்டும் நெனச்சுக்கிட்டு சொல்லணும். கேக்கலன்னா கொஞ்ச நேரம் கழிச்சுத் திருப்பிச் சொல்லணும். சிகு அப்படித்தான் சொன்னாங்க. என் காலு பொறந்ததுலேர்ந்து கேக்கல. நான் அதுகூட சண்டையா போட்டேன்?"

பாக் மாட்டுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நான் கட்டிலுக்குத் திரும்பியபோது அவருடைய துண்டை எடுத்து நீட்டினார்.

அன்றிலிருந்து தினமும் மூன்று வேளை போன் வரும். "அப்பா, வெரல்" என்பாள். கண்ணை மூடிக்கொள்வேன். ஏழாம் நாள் ஒன்றுமில்லை. எட்டாம் நாள் பாக் மாட் மலாயில் கத்தினார்: "அசையுது, அசையுது!" எனக்குத் தெரியவில்லை, அவருக்குத்தான் தெரிந்தது. டாக்டர் வந்து பார்த்து, தன் விரலை என் விரல்மேல் வைத்துத் தள்ளச் சொன்னார். ஓர் எறும்பைத் தள்ளும் அளவுக்குத் தள்ளினேன். அது போதுமாம். அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று அடுத்த நாள் இடுப்புப் பட்டையைக் கட்டி அனுப்பிவிட்டார்கள்.

லோரியில் குலை ஏற்றும் வேலை முடிந்தது. இப்போது எடை மேடையில் உட்கார்ந்து மற்றவர்கள் ஏற்றிவந்ததை நிறுக்கிறேன். அந்த ஆட்களைப் பார்த்தும் பொறாமைதான். ஆனால் அது சின்னப் பொறாமை.

இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போன்ற அப்பன்கள் யாராவது இருந்தால் ஒன்று சொல்கிறேன். அட்டையைச் சீக்கிரம் வாங்குங்கள். மையத்துக்குப் போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். என் கை இருக்கிறதே என்று நானும்தான் இருந்தேன். தூக்குவதற்கும் முறை இருக்கிறது, குனியாமல் முழங்காலை மடக்கி. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற ஒரு வழுக்குப் பலகை இருக்கிறது. இதையெல்லாம் சிகு ரோஸ்னா செல்விக்கு எப்போதோ சொல்லிக்கொடுத்திருந்தார். செல்வி என்னிடமும் சொல்லியிருந்தாள். நான் அப்போது மெதுவாக நடந்துகொண்டிருந்தேன்.

இவ்வளவு எழுதிவிட்டேன், பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், போன வாரம் நடந்ததையும் சொல்லியாக வேண்டும்.

காலை நேரம். செல்வி பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தனு பாயில் உட்கார்ந்து சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு அவளுக்கு இருபது நிமிடம் ஆகும், யாரும் உதவக்கூடாது. நீலா கூடத்தில் தனியாக நின்றாள். அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

தனுவின் இடுப்பை நாடாவால் அளந்து செய்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். என் இடுப்பை யாரும் அளக்கவில்லை. அதற்குமேல் பட்டை வேறு. உட்காரும்போது ஒரு சத்தத்தோடு உள்ளே போனேன். எழுந்திருக்கப் பார்த்தால் இரண்டு பக்கமும் கைப்பிடி கவ்விக்கொண்டு நாற்காலியும் சேர்ந்து எழுந்தது. குனிந்து கழற்றலாம் என்றால் பட்டை குனிய விடவில்லை. ஆனாலும் சக்கரத்தைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பினேன். ஜெராய் மலை தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன், வாசல் தெரிந்தது. நான் பார்க்க நினைத்த பக்கமெல்லாம் அது திரும்பியது.

நிமிர்ந்தால் தனு சப்பாத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெளியே மையத்து வேன் ஹாரன் அடித்தது.

மாட்டிக்கொண்டதும் மாட்டிக்கொண்டேன், நெஞ்சில் இத்தனை நாளாக இருந்ததைக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"தனும்மா, உண்மையச் சொல்லு. அப்பா உன்னத் தூக்கிட்டுப் போனப்ப நல்லா இருந்துச்சா, இல்ல இவதான் நல்லா இருக்காளா?"

"எறங்குங்கப்பா, வேன் வந்திருச்சு."